வாரண்டி அட்டையில் யார் கையெழுத்து? மலிவான இறக்குமதி ஸ்கூட்டர்களின் தரமும் தகராறும்

புது ஸ்கூட்டர் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. ஒரு நாள் காலை அது கிளம்ப மறுக்கிறது. கடை வரை தள்ளிக்கொண்டு போனால், "ஓட்டிய விதம் சரியில்லை" என்கிறார் விற்றவர். "வண்டியே சரியில்லை" என்கிறார் வாங்கியவர். இருவருக்கும் நடுவே மேசைமேல் வாரண்டி அட்டை கிடக்கிறது. இருவரும் அதையே சுட்டிக்காட்டிப் பேசுகிறார்கள். அன்றைக்கு முன் இருவரில் ஒருவராவது அதை முழுதாகப் படித்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

மலிவு விலையில் இறக்குமதியாகும் ஸ்கூட்டர்களைப் பற்றிய சண்டைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. தரம், வாரண்டி என்ற இரண்டு சொற்களும் அந்தச் சண்டையில் ஒன்றோடொன்று குழம்பிப்போகின்றன. தரம் வண்டிக்குள் இருக்கிறது: உலோகத்தில், ரப்பரில், ஒயரில், போல்ட்டை முடுக்கிய கையில். வாரண்டி வண்டிக்கு வெளியே இருக்கிறது. அது ஒருவர் கொடுத்த வாக்கு. சுமாரான வண்டிக்கு உறுதியான வாக்கு கிடைக்கலாம். நல்ல வண்டிக்குக் காற்றில் எழுதிய வாக்கு கிடைக்கலாம். ஆகவே அட்டையைக் கையில் எடுத்ததும் எத்தனை மாதம் என்று பார்க்கும் கண், வாக்குக் கொடுத்தவர் யார், அவர் எங்கே இருக்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

கைமாறும் வண்டி

பேர்பெற்ற நிறுவனத்தின் வண்டியில் இந்தக் கேள்வி எழுவதே அரிது. செய்பவர், பெயர் வைப்பவர், பழுது பார்ப்பவர் எல்லாரும் ஒரே குடையின் கீழ் இருப்பார்கள். மலிவான இறக்குமதி வண்டிக்குக் குடைகள் பல. ஓர் ஆலை வண்டியைச் செய்கிறது. ஏற்றுமதி வணிக நிறுவனம் ஒன்று, அந்த ஆலையிடமும் வேறு ஆலைகளிடமும் வாங்கி வெளிநாட்டுக்கு விற்கிறது. அங்கே ஓர் இறக்குமதியாளர் கண்டெய்னர் கணக்கில் எடுக்கிறார்; தாம் விரும்பிய பெயரை ஸ்டிக்கராக அடித்து ஒட்டச் சொல்கிறார். அவரிடமிருந்து டீலர் வாங்குகிறார். டீலரிடமிருந்து நீங்கள். ஒரே ஆலையில் ஒரே வாரத்தில் பிறந்த வண்டிகள் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு பெயர்களில் ஓடுவது இந்தத் தொழிலில் சாதாரணம். பக்கத்து வண்டியின் பெயரை உரித்தால் உங்கள் வண்டி தெரியும்.

இந்தச் சங்கிலியில் ஆலையின் பொறுப்பு எங்கே முடிகிறது என்பது பலரும் அறியாத செய்தி. ஏற்றுமதி வணிகத்தில் பரவலாகப் புழங்கும் விதிமுறைகளில் ஒன்று எஃப்ஓபி. சரக்கு, புறப்படும் துறைமுகத்தில் கப்பலில் ஏறியவுடன் இழப்பு, சேதம் பற்றிய அபாயம் வாங்குபவர் தலைக்கு மாறிவிடும் என்பது அதன் சாரம். பிறகு வரும் குறைகளுக்கு ஆலை பல நேரங்களில் செய்வது, அதே கண்டெய்னரில் சிறிதளவு உதிரிபாகங்களை இலவசமாகப் போட்டு அனுப்புவது. அதோடு கணக்கு முடிந்தது. அந்தப் பெட்டி தீர்ந்தால் இறக்குமதியாளர் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாரண்டிக் கோரிக்கைகள் குவியும்போது, விற்காமல் நிற்கும் புது வண்டி ஒன்றைப் பிரித்து உதிரிபாகங்களை எடுத்துக் கொடுக்கும் இறக்குமதியாளர்களும் உண்டு. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆலைமீதே நேராக வழக்குப் போட முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. பன்னாட்டுச் சரக்கு விற்பனைக்கென்று 1980இல் வியன்னாவில் உருவான ஐக்கிய நாடுகள் ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. சரக்கு ஒப்பந்தப்படி இல்லை என்றால் நியாயமான காலத்திற்குள், மிஞ்சிப்போனால் சரக்கு கைக்கு வந்த இரண்டு ஆண்டுக்குள், விற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அது வணிகருக்கும் வணிகருக்கும் இடையிலானது. சொந்தப் பயன்பாட்டுக்காக வாங்குபவரின் கொள்முதலை அது தொடுவதில்லை. இறக்குமதியாளர் அந்த வாசலைத் தட்டலாம், நாம் தட்ட முடியாது. நடைமுறையில் நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர்கள் இரண்டே பேர்: கடைக்காரரும் இறக்குமதியாளரும்.

இந்த இருவரில் அட்டையில் இருப்பது யார் பெயர்? சில அட்டைகளில் ஸ்டிக்கரில் உள்ள அதே அலங்காரப் பெயர் மட்டும் இருக்கும், முகவரி இருக்காது. அப்படிப்பட்ட அட்டையை வாரண்டி என்று சொல்வதைவிட வாழ்த்து அட்டை என்று சொல்லிவிடலாம்.

மலிவு எங்கிருந்து வருகிறது?

"மட்டமான இன்ஜின்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது எளிது. உண்மை கொஞ்சம் சுவாரசியமானது. இந்த வண்டிகளில் மிகப் பலவற்றில் இருப்பது ஜிஒய்6 என்ற குடும்பத்தைச் சேர்ந்த நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். ஹோண்டாவின் வடிவமைப்பு மரபிலிருந்து வந்து, தைவானில் கிம்கோ நிறுவனத்தின் ஸ்கூட்டர்கள் வழியாகப் பரவி, பிறகு சீனாவின் ஆலைகள் பலவும் செய்யத் தொடங்கிய இன்ஜின் அது. ஒற்றை சிலிண்டர், காற்றுக் குளிர்ச்சி, பெல்ட்டில் இயங்கும் தானியங்கி கியர். வடிவமைப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. நன்றாகச் செய்த ஜிஒய்6 பல்லாயிரம் கிலோமீட்டர் முணுமுணுக்காமல் ஓடும்.

ஆக, காசு மிச்சம் பிடிக்கப்படுவது வரைபடத்தில் அல்ல, வரைபடத்தை உலோகமாக்கும் இடத்தில். போல்ட்டின் எஃகு மென்மையாக இருக்கும். இரண்டாம் முறை முடுக்கினால் மரை போய்விடும். பெட்ரோல் குழாயின் ரப்பர் ஒரே ஆண்டில் வெடிக்கும். ஒயர்களின் செம்பு மெலிந்திருக்கும்; இணைப்பான்களில் ஈரம் புகும். மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதாகி பேட்டரியையும் பல்புகளையும் கூடவே அழைத்துக்கொண்டு போகும். இன்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள குழாயில் மெல்லிய விரிசல் விழுந்து, அதன் வழியே கூடுதல் காற்று உள்ளே போய், இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். இவற்றில் எதுவும் தனியாகப் பார்த்தால் பெரிய பொருள் இல்லை. பெரும்பாலான தகராறுகள் இந்தச் சின்னப் பொருள்களில்தான் பிறக்கின்றன.

இன்னொன்று, இந்த வண்டிகளின் உண்மையான சிக்கல் சராசரித் தரம் தாழ்ந்திருப்பதைவிட, ஒன்றுக்கொன்று தரம் வேறுபடுவதுதான். ஒருவருடைய வண்டி ஐந்தாண்டு ஓடுகிறது. அதே மாடல் வாங்கிய நண்பருடையது ஐந்து வாரத்தில் நிற்கிறது. இருவரும் சந்தித்துக்கொண்டால் ஒருவரை ஒருவர் பொய்யர் என்பார்கள். இருவரும் சொல்வது உண்மை.

இந்த வேறுபாடு ஏன் வடிகட்டப்படுவதில்லை? வடிகட்ட வழி இருக்கிறது. தொகுதியிலிருந்து மாதிரிகள் எடுத்துச் சோதிக்கும் முறை இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க இராணுவக் கொள்முதலில் வளர்ந்தது. இன்று ஐஎஸ்ஓ 2859 என்ற தர அளவாக உலகெங்கும் இருக்கிறது. அதன் அட்டவணைப்படி 400 வண்டிகள் கொண்ட தொகுதிக்கு வழக்கமான சோதனை என்றால் 50 வண்டிகளைப் பார்க்க வேண்டும். பெரிய குறைகளுக்குப் பலரும் தேர்ந்தெடுக்கும் 2.5 சதவீதம் என்ற ஏற்பு வரம்பில், அந்த 50இல் 3 குறை வரை இருந்தால் தொகுதி தேறும். 4 என்றால் திருப்பி அனுப்பலாம். கவனியுங்கள்: முறையாகச் சோதித்துத் தேறிய தொகுதியிலும் குறையுள்ள வண்டிகள் இருக்கும், அது முறைக்குள்ளேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்தக் குறைகள் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அவருக்காகத்தான் வாரண்டி என்ற ஏற்பாடே இருக்கிறது. சோதனைச் செலவையும் மிச்சம் பிடித்து, வாரண்டிச் செலவையும் மிச்சம் பிடிக்கும் இறக்குமதியாளரிடம் வாங்கினால், ஆலையின் தரக்கட்டுப்பாட்டு வேலையைச் சம்பளம் இல்லாமல் பார்ப்பவர் நீங்கள்தான்.

டீலரின் பங்கையும் சொல்ல வேண்டும். இந்த வண்டிகள் ஓட்டும் நிலையில் வருவதில்லை. இரும்புச் சட்டத்துக்குள் அட்டைப்பெட்டி போர்த்தி, முன்சக்கரம், கண்ணாடிகள், பேட்டரி போன்றவை கழற்றப்பட்டு வருகின்றன. டீலர் அவற்றைப் பூட்டி, ஒவ்வொரு போல்ட்டையும் மீண்டும் முடுக்கி, பிரேக்கைச் சரிசெய்து, திரவங்களின் அளவைப் பார்த்து, பேட்டரியில் அமிலம் ஊற்றி நிதானமாக முதல் சார்ஜ் ஏற்ற வேண்டும். இது சில மணி நேர வேலை. அரைமணியில் முடிப்பவர்களும் உண்டு. முதல் சார்ஜ் சரியாக ஏறாத பேட்டரி அதன் முழுத் திறனுக்கு வராமலே போகலாம். மூன்றாம் மாதத்தில் அது செத்தால் "பேட்டரிக்கு வாரண்டி இல்லை" என்ற பதில் வரும். பெட்டியோடு வீட்டுக்கே அனுப்பி, வாங்கியவரையே பூட்டிக்கொள்ளச் சொல்லும் விற்பனையும் நடக்கிறது. அங்கே அட்டையின் ஒரு மூலையில், தகுதியுள்ள மெக்கானிக் பூட்டாத வண்டிக்கு வாரண்டி செல்லாது என்ற வரி காத்திருக்கும்.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

முதலில் தேட வேண்டிய சொல் "உதிரிபாகங்களுக்கு மட்டும்". மலிவான ஸ்கூட்டர்களின் வாரண்டி பெரும்பாலும் இந்த வகை. பழுதான பொருளுக்குப் பதில் புதுப் பொருள் கொடுப்பார்கள். அதைக் கழற்றி மாட்டும் கூலி உங்களுடையது. பழையதை அவர்களுக்கு அனுப்பும் செலவு, புதியது வந்து சேரும் செலவு, வண்டி நிற்கும் நாள்களின் இழப்பு எல்லாம் உங்களுடையவை. மலிவான வண்டியின் பாகமும் மலிவுதான். இன்ஜினைக் கீழே இறக்கி உள்ளே உள்ள ஒரு சின்னப் பொருளை மாற்றும்போது, பொருளின் விலையைக் கூலி விழுங்கிவிடும். அதாவது செலவில் சிறிய பங்கை இறக்குமதியாளர் ஏற்கிறார். பெரிய பங்கு வாங்கியவருக்கு. இது மோசடி இல்லை, எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள். "ஓராண்டு வாரண்டி" என்று பெரிய எழுத்தில் படித்தவருக்கு மட்டும் அது மோசடியாகத் தெரியும்.

அடுத்து, காலம் ஒன்றாக இருக்காது. இன்ஜினுக்கு ஒரு காலம், மின் பாகங்களுக்கு அதைவிடக் குறைந்த காலம், பிளாஸ்டிக் உடலுக்கு அநேகமாக எதுவும் இல்லை. தேயும் பொருள்கள் பட்டியலே தனி: டயர், பிரேக் ஷூ, பெல்ட், பல்பு, கேபிள், ஸ்பார்க் பிளக். தேய்வது இயல்பு, ஆகவே குறையில்லை என்ற வாதம் நியாயமானது, ஓர் எல்லை வரை. பத்தாயிரம் கிலோமீட்டரில் அறுந்த பெல்ட் தேய்ந்தது. நானூறு கிலோமீட்டரில் அறுந்த பெல்ட் தேயவில்லை. அது முதலிலேயே கெட்டது, அல்லது அதை அறுக்கும் வேறொரு குறை உள்ளே இருக்கிறது. தேய்மானப் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

பிறகு உங்கள் கடமைகள். குறிப்பிட்ட நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், குறிப்பிட்ட தூரத்தில் சர்வீஸ் செய்ய வேண்டும், ரசீது வைத்திருக்க வேண்டும், வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதில்தான் இளைஞர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 50 சிசி வண்டிகளின் வேகத்தைச் சட்டத்துக்காகக் கட்டுப்படுத்தி அனுப்புவார்கள். பெல்ட் பக்கத்தில் ஒரு வளையம், தீப்பொறி தரும் மின்பெட்டிக்குள் ஒரு வரம்பு. அந்த வளையத்தைக் கழற்றிய கையோடு இன்ஜின் வாரண்டியையும் கழற்றியதாக இறக்குமதியாளர் எடுத்துக்கொள்வார். வாடகைக்கோ பொருள் விநியோகத்துக்கோ ஓட்டினாலும் பல அட்டைகள் கைவிரிக்கும். கைமாறி வாங்கிய வண்டிக்கு வாரண்டி தொடருமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

அட்டைக்கு மேலே சட்டம்

அட்டை என்ன சொன்னாலும், அதற்கு மேல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. எழுதிக் கொடுத்த வாக்கு ஒரு வகை; எழுதாமலே விற்பனைக்குள் அடங்கியிருக்கும் வாக்கு இன்னொரு வகை. ஸ்கூட்டர் என்று சொல்லி விற்றால் அது ஸ்கூட்டராக ஓட வேண்டும், விலைக்கும் விவரிப்புக்கும் பொருந்திய தரத்தில் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது வகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஆணைப்படி குறைந்தது இரண்டு ஆண்டு விற்றவர் பொறுப்பு. முதல் ஓராண்டில் வெளிப்படும் குறை வண்டியைக் கொடுத்தபோதே இருந்ததாகக் கருதப்படும், இல்லை என்று காட்டுவது விற்றவர் வேலை. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கும் உரிமையைத் தருகிறது. நிரூபிக்கும் சுமை முதல் ஆறு மாதம் விற்றவர்மேல். அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு வாரண்டிச் சட்டம், எழுத்தில் வாரண்டி கொடுத்தவர் எழுதாத வாக்கை அடியோடு மறுக்க முடியாது என்கிறது. எங்கள் கடையில்தான் சர்வீஸ் செய்ய வேண்டும், எங்கள் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும் என்று, அவற்றை இலவசமாகத் தராத நிலையில், நிபந்தனை போடுவதையும் அது பொதுவாகத் தடுக்கிறது.

இந்தச் சட்டங்கள் விற்றவரைப் பிடிக்கின்றன, அதைக் கவனிக்க வேண்டும். "நாங்கள் வெறும் கடை, கம்பெனியிடம் கேளுங்கள்" என்ற பதில் பல நாடுகளில் சட்டப்படி செல்லாத பதில். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வருகிறது: குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்து, தயாரித்தவர் யார் என்று தெரியவில்லை என்றாலோ, தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியவில்லை, அவர் இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டவர் இல்லை என்றாலோ, விற்றவரே பொறுப்பாளி ஆகலாம். ஐரோப்பாவின் 1985ஆம் ஆண்டுப் பொருள் பொறுப்பு ஆணை, வெளியிலிருந்து கொண்டுவந்தவரையே தயாரித்தவராக வைத்துப் பார்க்கச் சொன்னது.

மேலே சொன்ன கடைசி இரண்டும் காயம், சேதம் பற்றியவை. பிரேக் ஒயர் அறுந்து விழுந்து கை முறிந்தால் அது பொருள் பொறுப்பு. பிரேக் ஒயர் அறுந்து வண்டி வீட்டில் நின்றால் அது வாரண்டி. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதினால் எதிர்த்தரப்பு தனக்கு வசதியானதற்கு மட்டும் பதில் சொல்லும். மூன்றாவதாக, பாதுகாப்புக் குறைக்காக வண்டிகளைத் திரும்ப அழைப்பது. அது வாரண்டி முடிந்த வண்டிக்கும் பொருந்தக்கூடியது. அமெரிக்க வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் உற்பத்தியாளர் என்ற சொல்லுக்குள்ளேயே விற்பனைக்காக இறக்குமதி செய்பவரும் அடங்குகிறார். ஸ்டிக்கர் ஒட்டுவது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதைச் சில இறக்குமதியாளர்கள் அப்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

இறுகிப்போன இன்ஜின்

சட்டம் எல்லாம் சரி, உண்மையில் தகராறு எங்கே வெல்கிறது, எங்கே தோற்கிறது? ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 150 சிசி வண்டி, 1,100 கிலோமீட்டர் ஓடியது, போகும் வழியில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. கடைக்காரர் சொல்வது: "ஆயில் மாற்றவில்லை."

இந்தப் பதிலில் பாதி நியாயம் இருப்பதுதான் சங்கடம். ஜிஒய்6 இன்ஜினில் ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில்தான் இருக்கிறது. கார்களில் இருப்பதுபோல மாற்றக்கூடிய காகித ஃபில்டர் இல்லை. ஒரு கம்பி வலை மட்டும். புது இன்ஜினில் உலோகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது உதிரும் பொடி, அந்த வலையின் கண்களைவிடச் சிறியதாக இருந்தால், ஆயிலோடு சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே, பெரும்பாலும் 300க்குள், ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். ஆயில் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கும் பல மாடல்களில் கிடையாது. குச்சியை எடுத்துப் பார்த்தால்தான் உண்டு. இதை விற்கும்போது வாயால் சொன்ன கடைக்காரர்கள் எத்தனை பேர்?

ஆனால் ஆயில் இல்லாமல்தான் இன்ஜின் இறுகும் என்று விதி இல்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி போதாமல் செய்திருந்தால் சூட்டில் பிஸ்டன் விரிந்து பிடிக்கும். இன்ஜினைக் குளிர்விக்கும் காற்றாடி உடைந்திருந்தாலோ, காற்றைச் சிலிண்டரைச் சுற்றி அனுப்பும் பிளாஸ்டிக் மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ சூடு ஏறும். முன்பு சொன்ன விரிசல் விழுந்த குழாயாலும் ஏறும். ஆயில் பம்ப் வேலை செய்யாவிட்டால், அடியில் ஆயில் நிறைந்திருக்க, மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் காய்ந்து கருகும். இவை ஒவ்வொன்றும் விட்டுச்செல்லும் தடயம் வேறு. ஆயில் குறைந்து போன இன்ஜினில் பல இடங்களில் கருகல் இருக்கும். பம்ப் போன இன்ஜினில் ஆயில் நிற்க மேல்பகுதி எரிந்திருக்கும். இடைவெளி குறைந்த இன்ஜினில் பிஸ்டனின் சுற்றில் பல பக்கங்களில் கீறல் இருக்கும்.

அப்படியானால் வழக்கின் முடிவு இன்ஜினைத் திறக்கும் அந்த அரைமணி நேரத்தில் இருக்கிறது. வாங்கியவர் இல்லாதபோது கடையில் திறந்து, ஆயிலைக் கொட்டிவிட்டு, "ஆயிலே இல்லை" என்று சொன்னால் மறுத்துப் பேச என்ன மிஞ்சும்? நீங்களே திறந்தாலும் அதே கதை. "அதிகாரமில்லாத ஆள் பிரித்துவிட்டார்" என்பார்கள். திறக்கும்போது நேரில் நிற்க வேண்டும், அல்லது சார்பில்லாத ஒரு மெக்கானிக்கை நிறுத்த வேண்டும். வடித்த ஆயிலை அளந்து, ஒரு பாட்டிலில் எடுத்து, தேதி எழுதி வைத்துக்கொள்ளலாம். கிலோமீட்டர் மீட்டர், ஆயில் குச்சி, கழற்றிய பாகங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளலாம். முதல் ஆயிலை வீட்டிலேயே மாற்றியவர் ஆயில் வாங்கிய ரசீதும், மாற்றிய அன்று மீட்டர் காட்டும் ஒரு படமும் வைத்திருந்தால், கடைக்காரரின் பதிலில் இருந்த பாதி நியாயமும் போய்விடும்.

வால்வு இடைவெளியும் இப்படித்தான். புது இன்ஜினில் வால்வுகள் அமர அமர அந்த இடைவெளி குறைந்துகொண்டு வரும். சரிசெய்யாவிட்டால் வண்டி கிளம்பத் திணறும். விட்டுவிட்டால் வால்வு எரியும். சரிசெய்வது பராமரிப்பு, ஆகவே வாரண்டியில் வராது. எரிந்த வால்வு வாரண்டியில் வரும் என்று நீங்கள் நினைப்பீர்கள்; பராமரிக்காததால் எரிந்தது என்று அவர்கள் எழுதுவார்கள். மலிவான ஸ்கூட்டரின் வாரண்டித் தகராறுகளில் ஒரு பெரும் பங்கு, குறைக்கும் பராமரிப்புக்கும் நடுவே உள்ள இந்த மங்கலான கோட்டில்தான் நடக்கிறது.

எழுத்தில் கேளுங்கள்

தொலைபேசியில் கத்துவதால் ஆவது ஒன்றுமில்லை. குறை தெரிந்த அன்றே ஓட்டுவதை நிறுத்தி, அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிந்தும் ஓட்டினார் என்பது ஒரு நல்ல வழக்கைக் கெடுக்கும். கடிதத்தில் சேசிஸ் எண், இன்ஜின் எண், வாங்கிய தேதி, ஓடிய தூரம், என்ன நடந்தது, என்ன கேட்கிறீர்கள் என்பவை போதும். கோபத்துக்கு இடம் ஒதுக்க வேண்டாம். கடைக்கும் இறக்குமதியாளருக்கும் ஒரே நாளில் அனுப்புவது நல்லது. ஒருவர் மற்றவரைக் காட்டும் ஆட்டம் அப்போது நீளாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் "முடியாது" என்று சுலபமாகச் சொல்பவர், அதையே கையெழுத்திட்டு எழுதச் சொன்னால் யோசிப்பார். பல தகராறுகள் அந்த யோசனையிலேயே முடிந்துவிடுகின்றன.

பழுதுக்கு விட்ட வண்டி மாதக்கணக்கில் உதிரிபாகத்துக்காக நிற்பது தனித் துன்பம். விட்ட தேதி எழுதிய சீட்டு இருந்தால்தான் தாமதத்தை நிரூபிக்க முடியும். அந்தக் காலத்தை வாரண்டிக் காலத்தோடு சேர்த்துத் தரச் சொல்லியும் அதே கடிதத்தில் கேட்கலாம்.

இறக்குமதியாளர் காணாமல்போனால்

இது நடக்கும். இறக்குமதிக்குப் பெரிய ஆலையும் கட்டடமும் தேவையில்லை. ஒரு கிடங்கும் பதிவு செய்த பெயரும் போதும். கோரிக்கைகள் பெருகினால் பழைய பெயரை மூடிப் புதிய பெயரில் தொடங்குவது கடினமில்லை. அட்டையில் பன்னிரண்டு மாதம் எழுதியிருக்கும், எழுதிய நிறுவனம் ஒன்பது மாதம்தான் இருக்கும். கடை இருந்தால், சட்டம் கொடுத்த பொறுப்பு கடைமேல் இன்னும் நிற்கிறது. கடையும் இல்லை என்றால் வாரண்டி என்ற பேச்சு அங்கே முடிந்தது.

வண்டி முடியவில்லை. சேசிஸ் எண்ணைப் பாருங்கள். 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அந்தத் தொடரில் முதல் மூன்று, வண்டியை உண்மையில் செய்தவரைக் குறிப்பவை. முதல் எழுத்து எல் என்றால் சீனா. ஸ்டிக்கர் எந்தப் பெயரைச் சொன்னாலும் இது மாறுவதில்லை. பிறகு இன்ஜின்மேல் பொறித்த குறியீட்டைப் பாருங்கள். 139க்யூஎம்பி என்று இருந்தால்: ஒரு சிலிண்டர், 39 மில்லிமீட்டர் விட்டம், விசிறியால் காற்றுக் குளிர்ச்சி, 50 சிசி வகை. 152க்யூஎம்ஐ என்றால் 125 சிசி. 157க்யூஎம்ஜே என்றால் 150 சிசி. உதிரிபாகம் கேட்கும்போது வண்டியின் பெயரைச் சொன்னால் கடைக்காரர் விழிப்பார். இந்தக் குறியீட்டைச் சொன்னால் அலமாரிக்குப் போவார். பல ஆலைகளும் ஒரே இன்ஜினைச் செய்ததால் பிறந்த வண்டிகள் இவை என்பது, வாங்கும்போது குறையாகத் தெரிந்தது. இப்போது அதுவே கைகொடுக்கிறது. ஆனாலும் அளந்து வாங்க வேண்டும். ஒரே குறியீட்டிலேயே பெல்ட் நீளம் இரண்டு வகை, பின்சக்கர அச்சு இரண்டு வகை என்று வரும். பழைய பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எண் அழிவதற்குள் அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.